கரியான விதைகளில் தானியம் மட்டும் மிஞ்சுவது ஏன்? ரோமானியர் உழவும் உணவும்

#1 களத்துமேடு

ரோமானியர் காலத்து அகழாய்வுகளின் விதைப் பட்டியல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே முகமாகத் தெரிகின்றன. கோதுமை, பார்லி, அவற்றின் உமி, வயலில் கூடவே முளைத்த களைகளின் விதை. எப்போதாவது ஒரு பயறு, ஒரு திராட்சை விதை. கீரை இல்லை, வெங்காயம் இல்லை. ஆனால் உழவு பற்றி எழுதிய ரோமானியர் கேட்டோ முட்டைக்கோசின் பெருமையைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்.

என் கேள்விகள் மூன்று. பட்டியலில் தானியம் முன்னால் நிற்பதை வைத்து அவர்கள் தானியம்தான் தின்றார்கள் என்று சொல்லலாமா? ஒரு குழியிலிருந்து எவ்வளவு மண் எடுத்தால் அந்தப் பட்டியலை நம்பலாம்? ஒரு ஊரார் தாமே விளைவித்துத் தின்றார்களா, வெளியிலிருந்து வாங்கினார்களா என்பதை விதை காட்டிக்கொடுக்குமா?

#2 நுண்ணோக்கி

முதல் கேள்விக்குப் பதில்: சொல்லக் கூடாது. விதை எப்படி மிஞ்சியது என்று கேட்காமல் என்ன மிஞ்சியது என்று எண்ணுவதில்தான் பாதித் தவறும் நடக்கிறது.

ஐரோப்பாவின் பெரும்பாலான இடங்களில் மிஞ்சுவது கரியான விதை. மண்ணில் கிடக்கும் விதையைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்றுவிடும். கரியை அவற்றால் தின்ன முடியாது. ஆகவே ஒரு பொருள் கரியாக வேண்டுமானால் முதலில் அது நெருப்புக்குப் பக்கத்தில் போக வேண்டும். காற்று குறைவாக இருக்க வேண்டும். சூடும் அளவோடு, ஏறக்குறைய 200 முதல் 400 டிகிரி செல்சியஸுக்குள், இருக்க வேண்டும். காற்றும் சூடும் கூடினால் வெறும் சாம்பல்தான். தானியத்துக்கு இந்த வாய்ப்பு அடிக்கடி கிடைக்கிறது: உலர்த்துகிறார்கள், வறுக்கிறார்கள், குத்திப் புடைத்த உமியை அடுப்பில் போடுகிறார்கள். கீரைக்கு அந்த வாய்ப்பே இல்லை. பூத்து விதை வைப்பதற்கு முன்பே பறித்து, தண்ணீரில் வேகவைத்துத் தின்றாகிவிட்டது. எண்ணெய் வித்துகள் நெருப்பில் பொங்கி வெடித்து உருக்குலைந்துவிடும்.

தானியத்துக்குள்ளேயே ஓரவஞ்சனை உண்டு. வைக்கோலும், எளிதில் மணி உதிரும் கோதுமையின் கதிர்த்தண்டும் முதலில் எரிந்து போகும். மணி பிறகுதான் அழியும். ஸ்பெல்ட், எம்மர் கோதுமைகளின் உமியடி (உமி தண்டோடு சேரும் அடிப்பகுதி) தடித்தது, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதைச் செயற்கையாகக் கரியாக்கிச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே கரிப்பட்டியலை வீட்டுச் சமையலின் கணக்காகப் பார்க்காதீர்கள். அது களத்துமேட்டுக்கும் அடுப்புக்கும் நடுவே என்ன நடந்தது என்பதன் கணக்கு. உழவைப் பற்றி நிறையச் சொல்லும், தட்டைப் பற்றிக் கொஞ்சமே சொல்லும்.

தட்டைப் பார்க்க மற்ற மூன்று வழிகளைத் தேட வேண்டும். ஒன்று, நீர் தேங்கிய மண். கிணறு, அகழி, ஆற்றங்கரைச் சேறு. காற்று புகாததால் கரியாகாத விதைத்தோலும் கொட்டையும் அப்படியே இருக்கும். லண்டனிலிருந்து கிடைத்த அத்தி, கொத்தமல்லி, சதகுப்பை எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இரண்டாவது, மலக்குழிகளில் கனிமமேறிய விதை. குழியிலுள்ள பாஸ்பேட்டும் கால்சியமும் விதைக்குள் ஊறி, விதையின் வடிவத்திலேயே உறைந்துவிடும். மூன்றாவது, எகிப்தின் பாலைவனத்தில் வெறுமனே உலர்ந்து நிற்பது. அங்கே வெங்காயத் தோல்கூடக் கிடைக்கிறது.

#3 சல்லடைக்கண்

இரண்டாவது கேள்வி என் பக்கம்.

கரியான விதைக்கு ஒரு படிவிலிருந்து (அதாவது ஒரு மண்ணடுக்கிலிருந்து) 40 முதல் 60 லிட்டர் மண். குழி சிறிதாக இருந்தால் முழு மண்ணும். நீர் தேங்கிய மண்ணாக இருந்தால் 10 முதல் 20 லிட்டர் எடுத்து மூடி வைத்து, அதில் 1 லிட்டரை மட்டும் முதலில் பிரித்துப் பாருங்கள். அந்த 1 லிட்டரிலேயே ஆயிரக்கணக்கில் விதை இருக்கலாம்.

கரி மண்ணுக்கு மிதப்பு முறை. வாளியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர். மெதுவாகக் கலக்கி, கனமான மண் அடியில் தங்கச் சில நொடி விட்டு, மேலே மிதப்பதைச் சல்லடையில் சாய்க்க வேண்டும். கரி வருவது நிற்கும்வரை மறுபடி மறுபடி. சல்லடைக் கண் 0.25 அல்லது 0.3 மில்லிமீட்டர். "1 மில்லிமீட்டர் போதும், வேலை சீக்கிரம் முடியும்" என்று நினைத்தால் கசகசாவும் சிறு களை விதையும் உமித்துணுக்கும் ஆற்றோடு போய்விடும். பிறகு "இந்த ஊரில் கசகசா இல்லை" என்று எழுதினால் அது சல்லடை சொன்ன பொய்.

அடியில் தங்கியதைக் கொட்டிவிடாதீர்கள். 0.5 அல்லது 1 மில்லிமீட்டர் வலையில் அலசி, காயவைத்து, கண்ணால் பொறுக்க வேண்டும். நுண்ணோக்கி சொன்ன கனிமமேறிய விதைகள் மிதக்கவே மிதக்காது. ஆலிவ் கொட்டைத் துண்டும் பல நேரம் மூழ்கிவிடும். மலக்குழி மண்ணை மிதக்கவிட்டு, மேலே வந்ததை மட்டும் பார்த்து "பழ விதை இல்லை" என்று முடிப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

கெட்டுப்போகும் இடங்கள்:

கரியை வெயிலில் காயவைத்தால் விரிசல் விட்டு உடையும். நிழலில், துணி மேல், மெதுவாக உலரட்டும். நீர் தேங்கிய மண்ணிலிருந்து வந்த விதைக்கு நேர்மாறு: அதை உலரவே விடக் கூடாது. சுருண்டு, அடையாளம் தெரியாமல் போகும். தண்ணீரிலோ ஆல்கஹாலிலோ வைத்து, ஈரத்தோடேயே பார்க்க வேண்டும்.

களிமண் கட்டியைக் கையால் கசக்கக் கூடாது. மணி மாவாகிவிடும். சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவிட்டால் கட்டி தானே நெகிழும்.

ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே தொட்டியையும் சல்லடையையும் கழுவாவிட்டால் முன்னதன் விதை பின்னதில் ஏறும். இழப்பை அளக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கரியாக்கிய கசகசா 100 மணியை எண்ணி மண்ணில் போட்டு மிதக்கவிடுங்கள். எத்தனை திரும்பி வருகிறது என்று பாருங்கள். 60 வந்தால் தொட்டியிலோ கையிலோ கோளாறு இருக்கிறது, அதைச் சரிசெய்த பிறகே மேலே போக வேண்டும். ஏற்கனவே கசகசா இருக்கலாம் என்று தோன்றும் மண்ணில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

எத்தனை லிட்டர் என்று எழுதாத மாதிரியால் பயனே இல்லை. ஒரு லிட்டருக்கு எத்தனை விதை என்ற கணக்கில்தான் ஒரு குழியை இன்னொன்றோடு ஒப்பிட முடியும்.

#4 களத்துமேடு

இருவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. ஹெர்குலேனியத்தில் மலக்குழி முழுக்க அத்தி விதை என்று படித்தேன். அங்கே தானியத்தைவிட அத்தி அதிகம் தின்றார்கள் என்று அர்த்தமா?

#5 நுண்ணோக்கி

இல்லை. ஒரு அத்திப்பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை. ஒரு ஆலிவுக்கு ஒரே கொட்டை. ரொட்டிக்கு ஒரு விதையும் இல்லை, மாவாக அரைத்தாயிற்று. இந்த மூன்றையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது. அதனால்தான் எண்ணிக்கையைவிட "எத்தனை மாதிரிகளில் தலைகாட்டுகிறது" என்று பார்க்கிறோம். 50 மாதிரிகளில் 45-இல் அத்தி இருந்தால் அது அன்றாடப் பழம். ஒரே மாதிரியில் 5000 அத்தி விதை இருந்தால் யாரோ நாலைந்து பழம் தின்றிருக்கிறார்கள், அவ்வளவே.

ஆனால் ஹெர்குலேனியத்தின் அந்தக் குழி வேறு காரணத்துக்காக அருமையானது. கார்டோ 5 என்ற தெருவை ஒட்டிய கடைகளும் மாடிக் குடியிருப்புகளும் கொண்ட கட்டடத்தின் அடியில் ஓடுகிறது. வெளியே வடிகால் இல்லாத தேக்கம். மேலே இருந்த கழிப்பறைகளிலிருந்தும் சமையல் மூலைகளிலிருந்தும் நேராகக் கீழே விழுந்தது எல்லாம் அப்படியே தங்கி, கி.பி. 79-இல் வெசூவியஸ் மூடிவிட்டது. 700 மூட்டைக்கு மேல் மண்ணை எடுத்திருக்கிறார்கள். எரிக்கா ரோவன் ஆய்ந்த அந்த மண்ணில் அத்தி, திராட்சை, ஆலிவ், மீன் முள், முட்டையோடு, கடல் முள்ளெலி எல்லாம் இருந்தன.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது அங்கே வாழ்ந்தவர்கள் யார் என்பதுதான். மாளிகைவாசிகள் அல்லர், கடைக்காரர்களும் வாடகைக் குடித்தனக்காரர்களும். ஏழைகள் கஞ்சியோடு காலம் தள்ளினார்கள் என்ற பழைய சித்திரத்தை அந்தக் குழி உடைத்துவிட்டது. தினையும் பனிவரகும் அங்கே உண்டு. அவற்றோடு மிளகும் கசகசாவும் கடல்மீனும் உண்டு.

அதே எரிமலை மூடிய நகரங்களில் இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாம்பேயின் வீட்டுத் தோட்டங்களில் கரியான அத்தி, பேரீச்சை, பைன் கொட்டை கிடைத்தால் உடனே சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவற்றில் பல, வீட்டுத் தெய்வத்துக்கு எரித்துப் படைத்தவை. படையலில் வைப்பதும் அன்றாடம் தின்பதும் ஒன்றல்ல என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

#6 உமிக்கரி

மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

ரோமானிய பிரிட்டனை எடுத்துக்கொள்வோம். முக்கியக் கோதுமை ஸ்பெல்ட். கூடவே உமியோடு ஒட்டிய ஆறு வரிசைப் பார்லி. ஸ்பெல்ட் நம் நெல்லைப் போல. கதிரடித்தால் மணி தனியாக வராது, உமிக்கூட்டோடு சிறு கொத்தாக உடைந்து விழும். மணி வேண்டுமானால் மறுபடி குத்த வேண்டும். ஆகவே கொத்தாகவே சேமிப்பார்கள். ஈரத்துக்கும் பூச்சிக்கும் உமி ஓரளவு கவசம்.

ஸ்பெல்ட்டின் ஒரு கொத்தில் வழக்கமாக 2 மணி, 2 உமியடி. அதாவது முழுக் கொத்து எரிந்திருந்தால் மணியும் உமியடியும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஐன்கார்ன் என்ற ஒற்றைமணிக் கோதுமையில் பெரும்பாலும் 1 மணி, 2 உமியடி. இந்த விகிதத்தை வைத்துத்தான் கதை படிக்கிறோம்.

உதாரணத்துக்கு, 40 லிட்டர் மண்ணில் 120 மணியும் 900 உமியடியும் இருக்கின்றன என்று வையுங்கள். லிட்டருக்கு 25-க்குச் சற்று மேல். மணியைப் போல 7 மடங்குக்கு மேல் உமியடி. உமி மணியைவிடச் சீக்கிரம் எரியும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், முதலில் இருந்த உமி இன்னும் அதிகம். இது குத்திப் புடைத்த கழிவு, அடுப்பெரிக்கப் போட்டது. உமியே இல்லாமல் மணி மட்டும் நிறையக் கிடந்தால் அது சுத்தம் செய்த சேமிப்பு, தீப்பிடித்தோ கெட்டுப்போயோ எரிந்தது.

களை விதையும் பேசும். தூற்றும்போது இலேசான விதை காற்றோடு போகும். பெருங்கண் சல்லடையில் தாளும் பெருங்கொத்தும் நிற்கும். சிறுகண் சல்லடையில் சிறு களை விதை கீழே விழும். மணியின் பருமனே உள்ள களை விதை எல்லாவற்றையும் தாண்டி மணியோடு நிற்கும், கையால்தான் பொறுக்க வேண்டும். முறத்தில் கல் பொறுக்குகிற அதே வேலை. கோர்டன் ஹில்மன் துருக்கிக் கிராமங்களிலும் கிளினிஸ் ஜோன்ஸ் கிரேக்கத் தீவான அமோர்கோஸிலும் உழவர்களின் களத்தில் நின்று, எந்தப் படியில் எது கழிகிறது என்று எடுத்த கணக்குதான் இதற்கெல்லாம் அடிப்படை.

ஒரு காலத்தில் "உமியும் சிறு களை விதையும் கிடைத்தால் உற்பத்தி செய்த ஊர், சுத்த மணி கிடைத்தால் வாங்கித் தின்ற ஊர்" என்று நேராகச் சொல்லிவிடுவார்கள். அது பிழை. ஸ்பெல்ட் உமியோடே வண்டியேறிப் போகும். வாங்கிய ஊரிலும் குத்துவார்கள், அங்கேயும் உமி எரியும். எதைச் சொல்லலாம் என்றால், களத்து முதற்கட்டக் கழிவுகளான தாள், கதிர்த்தண்டு, தூற்றிய பதர் கிடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வயல் இருந்தது என்று. அவை வண்டிக்கூலி கொடுத்துப் போகிற சரக்கு அல்ல. கூரைக்கும் மாட்டுக்கும் வைக்கோல் போகும் என்பதால் அதையும் தனியாக வைத்து முடிவு கட்டக் கூடாது.

#7 செங்கதிர்

உமிக்கரி ஐயா, பிரிட்டனில் T வடிவப் புகைப்பாதையோடு கட்டிய தானிய உலர்த்திகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஈர நாடு, அறுத்த தானியத்தை உலர்த்தத்தான் அவை என்று எளிதாக முடித்துவிடலாமே? அதில் கிடைக்கும் விதையை அப்படியே அந்த ஊர் விளைச்சலாக எடுத்துக்கொள்ளலாமா?

#8 உமிக்கரி

அவ்வளவு எளிதில்லை. பழங்கால உழவைச் செய்து பார்க்கும் இங்கிலாந்தின் பட்சர் பண்ணையில் பீட்டர் ரெய்னால்ட்ஸ் ஓர் உலர்த்தியைக் கட்டி எரித்துப் பார்த்தார். மொத்தத் தானியத்தையும் உலர்த்த அது அத்தனை பொருத்தமாக இல்லை. முளைகட்டிய தானியத்தை வாட்ட, அதாவது பீருக்கு மால்ட் செய்ய, நன்றாகப் பொருந்தியது. பிறகு வந்த விதை ஆய்வுகள் இரண்டு வேலைக்கும் பயன்பட்டது என்றே காட்டின. ஆகவே ஒவ்வொரு உலர்த்தியையும் அதனதன் விதையை வைத்தே தீர்மானிக்க வேண்டும்.

மால்ட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? முளைத்த மணியின் முதுகில் நீளவாக்கில் ஒரு பள்ளம் இருக்கும். முளை உமிக்கு அடியிலேயே ஊர்ந்து வளர்ந்த தடம் அது. உதிர்ந்த முளைக்குருத்துகள் கரித்துரும்பாகத் தனியே கிடக்கும். பெரும்பாலான மணிகள் முளைத்திருந்து, குருத்துகளின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் யாரோ வேண்டுமென்றே நனைத்து, ஒரே நாளில் நிறுத்தியிருக்கிறார்கள். நீளம் கன்னாபின்னாவென்று இருந்து, பாதி மணி முளைக்காமலும் இருந்தால் அது மழையில் நனைந்து கெட்ட தானியம். முளைத்த மணி மென்மையாகி, கரியாகும்போது உள்வாங்கிச் சிதைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். முளைத்தது குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு பொறி: அடுப்பு வாயில் கிடக்கும் உமி எரிபொருள். மேல் தளத்திலிருந்து விழுந்த மணி உலர்த்திய சரக்கு. இரண்டும் ஒரே அறுவடை என்ற கட்டாயம் இல்லை. இரண்டு இடத்திலிருந்தும் தனித்தனி மாதிரி எடுக்காமல் ஒரே பையில் அள்ளிவிட்டால் பிறகு எந்தக் கணக்கும் அதைப் பிரித்துத் தராது. இது எத்தனையோ நல்ல உலர்த்திகளில் நடந்துவிட்டது என்பது வருத்தம்.

#9 கடலோரம்

எகிப்துப் பக்கம் வருகிறேன். நம் வாசகர்களுக்கு நேரடித் தொடர்பு உள்ள இடம்.

கிழக்குப் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாவ்டியானுஸ் என்ற கருங்கல் சுரங்கம். ரோமின் பாந்தியன் முகப்புத் தூண்களுக்குக் கல் போன இடம். நைலிலிருந்து பல நாள் பயணம். இப்படிப்பட்ட இடத்தில் உலர்ந்த ரொட்டியும் பருப்பும்தான் கிடைத்திருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். தொல்தாவர ஆய்வாளர் மரைக்கே வான் டெர் வேன் அங்கிருந்த குப்பைமேட்டைப் பிரித்தபோது கோதுமை, பார்லி, மைசூர் பருப்பு, பேரீச்சையோடு வெங்காயமும் பூண்டும் ஆர்டிசோக்கும் மிளகும் வந்தன. பச்சைக் காய்கறியை அங்கேயே சிறு பாத்திகளில் வளர்த்தார்கள் என்ற முடிவுக்கு விதைகளோடு, பானையோட்டில் எழுதிய கடிதங்களும் துணை நின்றன. களத்துமேடு கேட்ட கீரை இங்கே இருக்கிறது. ஐரோப்பாவிலும் இருந்திருக்கும், மண் அதைக் காக்கவில்லை.

அடுத்து செங்கடல் துறைமுகங்கள். பெரனிகேயில் கோயில் முற்றத்தில் புதைத்திருந்த பெரிய சேமிப்புச் சாடி ஒன்றில் 7.55 கிலோ மிளகு. சாடியும் இந்தியாவில் செய்தது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவின் மிளகு அது. அகநானூற்றின் 149-ஆம் பாட்டு "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று யவனர் கலத்தைச் சொல்கிறதே, அந்தக் கறியின் (மிளகின்) மறுமுனை இந்தச் சாடி. மற்றொரு துறைமுகமான குசேர் அல்-கதீமில் "பானை ஒறி" என்று தமிழ் பிராமியில் எழுதிய ஓடும் கிடைத்திருக்கிறது.

மிளகைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதோடு கிடைத்த மற்றவை. அரிசி, பாசிப்பயறு, தேங்காய். பெரனிகேயில் நெல்லியும் குன்றிமணியும்கூட. மிளகு பேரரசு முழுக்கப் பரவியது. அரிசி உள்நாட்டில் மிக அரிது, பாசிப்பயறு துறைமுகங்களோடு நின்றுவிடுகிறது. வாணிபச் சரக்காக இருந்திருந்தால் மிளகோடு சேர்ந்து அவையும் உள்ளே போயிருக்க வேண்டும். ஆகவே அவற்றில் பெரும்பகுதி கப்பலில் வந்த நம் கரையோரத்து மாலுமிகளும் வணிகர்களும் தங்கள் பழக்கத்துக்குச் சமைத்துத் தின்றது என்று கொள்வதே பொருத்தம். எது விற்கப் போனது, எது சோறாக வெந்தது என்று விதைகளின் பரவல் பிரித்துக் காட்டுகிறது.

#10 நுண்ணோக்கி

மிளகைப் பற்றி ஒன்று. அது பணக்காரர் பண்டம் மட்டும் அல்ல. ஜெர்மனியில் ஓபராடன் என்ற ரோமானியப் படை முகாம் கி.மு. 11 முதல் 8 வரை மட்டும் இருந்தது. அங்கேயே மிளகு கிடைத்திருக்கிறது. எகிப்து ரோமின் கைக்கு வந்து இருபத்தைந்து ஆண்டுகூட ஆகாத நேரம். ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய விலை: ஒரு ராத்தலுக்குத் திப்பிலி 15 தினார், வெண்மிளகு 7, கருமிளகு 4. ஒரு ராத்தலில் ஆயிரக்கணக்கில் மணி. கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளிப் போடச் சாதாரணச் சிப்பாயும் வாங்கியிருக்கலாம்.

ஆனால் பொடித்த மிளகு நுண்ணோக்கியின் கீழ் ஒருபோதும் எண்ணிக்கைக்கு வராது. முழு மணி தவறி விழுந்தால்தான் நமக்கு. எனவே ஒரே ஒரு மிளகு மணி கிடைத்தாலும் அதன் பின்னால் நிறைய மிளகு நின்றது என்று நினைப்பதில் தவறில்லை.

#11 சல்லடைக்கண்

ரொட்டி மாவாகிவிட்டதால் கணக்குக்கு வராது என்று #5-இல் சொன்னீர்கள். ஒரு வழி இருக்கிறது. தவிடு. மலக்குழியின் நீர் தேங்கிய மண்ணில் கோதுமைத் தவிட்டுத் துணுக்குகள் மெல்லிய தோலாக மிஞ்சும். 100 முதல் 400 மடங்கு பெரிதாக்கினால் செல் வரிசையை வைத்து எந்தத் தானியம் என்றே சொல்லலாம்.

இதற்கு நல்ல உதாரணம் ஸ்காட்லாந்தின் பேர்ஸ்டன். கி.பி. 142-க்குப் பிறகு கட்டிய அந்தோனைன் சுவர் என்ற ரோமானிய எல்லைச் சுவரில் ஒரு கோட்டை. கழிப்பறையிலிருந்து அகழிக்குள் விழுந்த கழிவில் நிறையக் கோதுமைத் தவிடு, கூடவே அத்தி, கொத்தமல்லி, சதகுப்பை, கசகசா, காட்டுப் பழங்கள். கழிவில் கொலஸ்டிரால் மிகக் குறைவு என்று வேதிப் பரிசோதனை காட்டியது. ரொட்டியும் கஞ்சியுமாக, பெரும்பாலும் தாவர உணவு. "சிப்பாய்கள் இறைச்சியே தொடவில்லை" என்று மட்டும் இதை நீட்டக் கூடாது. அது ஒரே அகழியின் கழிவு. அமில மண்ணில் எலும்பும் நிற்காது, ஆகவே எலும்பு இல்லை என்பதும் சாட்சி ஆகாது.

தவிட்டோடு இன்னொன்றும் வரும்: அக்ரோஸ்டெம்மா என்ற களையின் விதைத்தோல் துணுக்குகள். அதன் விதை கோதுமை மணிக்குக் கிட்டத்தட்ட நிகரான பருமன், எனவே சல்லடையில் கழியாது. நச்சுள்ளது. முழு விதையாக இல்லாமல் நொறுங்கிய தோலாகத் தவிட்டின் நடுவே கிடந்தால், மாவோடு சேர்ந்து அரைபட்டு வயிற்றுக்குள் போயிருக்கிறது. பொறுக்காமல் அரைத்த மாவின் கதை அது.

சேமிப்பைப் பற்றி யார்க் நகரம் சொல்வதும் இதோடு சேரும். கோனி ஸ்ட்ரீட்டில் முதல் நூற்றாண்டுக் கிடங்கு ஒன்றின் அடியில் வண்டுகளின் உடல் படிவாகவே கிடந்தது. தானியக் கூன்வண்டு, ரம்ப வண்டு எல்லாம். கிடங்கைப் பிரித்து, அந்தப் படிவைக் களிமண்ணால் மூடி, மேலே புதிதாகக் கட்டினார்கள். ரோமானியர் வருவதற்கு முன் பிரிட்டனில் இந்த வண்டுகளின் தடயம் இல்லை. கூன்வண்டுக்குப் பறக்கவும் தெரியாது. மூட்டையில்தான் வந்திருக்க வேண்டும். படைக்கென்று தானியத்தை மலைபோல் குவித்த முறையே அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தது. விதை பொறுக்குகிறவர்கள் வண்டுச் சிறகுகளை ஒதுக்கித் தள்ளாமல் தனிக் குப்பியில் போட்டு வையுங்கள்.

#12 செங்கதிர்

வயல் எப்படி இருந்தது என்பதற்குக் களைகள் இன்னும் நிறையச் சொல்லும். கெட்ட வாடையடிக்கும் சீமைச்சாமந்தி இனம் ஒன்று, ஆந்தெமிஸ் கோட்டுலா. கனமான களிமண்ணில்தான் செழிக்கும். பிரிட்டனில் இரும்புக் காலத்தின் இறுதியிலிருந்து ரோமானியர் காலத்துக்குள் இதன் விதை பெருகுகிறது. முன்பு உழ முடியாத பாரமண்ணுக்குள் ஏர் இறங்கியது என்று பொருள். தரையோடு படரும் களைகளின் விதை மணியோடு வந்தால் அரிவாளைத் தாழப் பிடித்து அறுத்தார்கள், வைக்கோலும் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

எரு போட்டார்களா என்பதை மணியிலேயே அளக்கலாம். சாணமும் தொழுவுரமும் போட்ட வயலின் மணியில் நைட்ரஜன் 15-இன் (நைட்ரஜனின் சற்றுக் கனமான வகை) விகிதம் கூடும். கரியாவதால் மட்டும் அது சராசரியாக ஆயிரத்துக்கு 0.31 கூடுகிறது. அதைக் கழித்த பிறகே எருவைப் பற்றிப் பேச வேண்டும். ஒரே மணியை வைத்து முடிவு கட்டக் கூடாது. ஒரே வயலிலேயே மணிக்கு மணி மாறும். ஒரு படிவிலிருந்து பத்து மணியாவது வேண்டும். வெடித்து உப்பிய, அதிகச் சூடு கண்ட மணிகளை ஒதுக்கிவிடுங்கள். அளந்தபின் மணி திரும்பி வராது. எனவே முதலில் படம் எடுத்து, நீள அகலம் குறித்து வையுங்கள்.

#13 களத்துமேடு

இங்கிலாந்தின் சில்செஸ்டரில் ரோமானியர் படையெடுப்புக்கு முந்திய கிணற்றில் ஆலிவ் கொட்டை கிடைத்த செய்தி நினைவுக்கு வருகிறது. அப்படியென்றால் "ரோமானியர் கொண்டுவந்த உணவு" என்ற பட்டியலே ஆட்டம் காண்கிறதே?

#14 நுண்ணோக்கி

பட்டியல் ஆடவில்லை, தொடக்கத் தேதி கொஞ்சம் முன்னால் நகர்கிறது. ஆலிவ், கொத்தமல்லி, செலரி மூன்றும் அங்கே கி.பி. 43-க்கு முந்திய படிவுகளில் இருந்தன. ஐரோப்பியக் கண்டத்தோடு பழகிய சில பெரிய ஊர்களின் மேல்தட்டு அதை முன்பே சுவைத்திருக்கிறது. ரோமானியர் ஆட்சியில் ஏறக்குறைய 50 புதிய தாவர உணவுகள் பிரிட்டனுக்குள் வந்தன. அவற்றில் கொத்தமல்லி போன்றவை அங்கேயே பயிராகி ஊர்ப்புறம்வரை இறங்கின. ஆலிவும் பேரீச்சையும் கடைசிவரை இறக்குமதிதான், நகரத்தையும் முகாமையும் தாண்டவில்லை. ஒரு செடி வந்து சேர்வது வேறு, மண்ணில் வேரூன்றுவது வேறு.

இப்படி "முதன்முதல்" என்று சொல்லும் விதை எதுவானாலும் முதலில் சந்தேகப்பட வேண்டும். மண்புழுவும் எலியும் விதையை ஒரு முழம் கீழே இறக்கும். கரியாகாத விதை, நீர் தேங்காத ஐரோப்பிய மண்ணில் கிடைத்தால் பெரும்பாலும் நேற்றையது. சில்செஸ்டரில் நீர் தேங்கிய, மேலே மூடுண்ட படிவு என்பதால் நம்புகிறோம். மற்ற இடங்களில் அதே ஒற்றை மணியைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்புவதே வழி. பக்கத்தில் கிடந்த விறகுக்கரியின் தேதியை மணிக்கு ஒட்டவைக்கக் கூடாது. மரம் நூறு வயதானதாக இருக்கலாம்.

#15 களத்துமேடு

கடைசியாக ஒன்று. எகிப்தில் எம்மர் போய் டியூரம் என்ற கோதுமை வந்தது என்கிறார்கள். மணியைப் பார்த்தே டியூரத்தையும் ரொட்டிக் கோதுமையையும் பிரிக்கலாமா? நம் கடையில் சம்பா கோதுமை என்று விற்பதும் எம்மர்தானே?

#16 உமிக்கரி

மணியை வைத்துப் பிரிக்க முடியாது. பிரித்துவிட்டேன் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். கதிர்த்தண்டின் கணு வேண்டும். ரொட்டிக் கோதுமையின் கணுத்துண்டு கேடயம் போல வளைந்து, ஓரத்தில் நீளக் கோடுகளோடு இருக்கும். டியூரத்தில் ஓரம் நேராக, உமி ஒட்டிய இடத்துக்குக் கீழே சிறு புடைப்புகளோடு இருக்கும். எகிப்தில் தண்டும் உலர்ந்து மிஞ்சியதால்தான் கிரேக்க அரசர் காலம் தொடங்கி எம்மர் விலகி டியூரம் ஏறியதை அத்தனை உறுதியாகச் சொல்ல முடிகிறது. கரியான மணி மட்டும் உள்ள இடத்தில் "எளிதில் உதிரும் கோதுமை" என்று எழுதி நிறுத்துங்கள்.

ஸ்பெல்ட்டா எம்மரா என்பதற்கு உமியடியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்பெல்ட்டில் அகலமாக, நரம்புகள் நன்றாகத் தெரியும். எம்மரில் ஒடுங்கி, ஒரு முதுகு நரம்பு மட்டும் எடுப்பாக நிற்கும். கொத்து உடையும் விதமும் வேறு: எம்மரில் தண்டுத்துண்டு கொத்தின் அடியில் காம்பு போல நிற்கும், ஸ்பெல்ட்டில் கொத்தின் உள்முகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அகலம் அளக்கும்போது கரியான பொருள் சுருங்கியது என்பதை மனத்தில் வையுங்கள்.

சம்பா கோதுமை என்ற பெயரில் கடைக்கு வருவது எல்லாம் எம்மர் அல்ல. உமி நீக்கிய மணியை வைத்துக் கடைக்காரராலும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டுமானால் உமியோடு உள்ள கதிராக வாங்கி, மணலுக்குள் புதைத்து, மூடிய தகரடப்பாவில் 250 டிகிரியில் சில மணி நேரம் வைத்துக் கரியாக்குங்கள். டப்பா முழுக்க ஆறியபின் திறக்க வேண்டும். சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டு உமியடி கண்முன்னே சாம்பலாகும்.